பொய்யனிடம் வழி கேட்பது எப்படி?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஞானோபதேச வகுப்பு நடந்துகொண்டிருக்கையில் நல்ல மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப வழியில்லை. எட்டாம் கற்பனையைப் பற்றிய பாடத்தை அதற்குமேல் இழுக்க எனக்கும் சக்தியில்லை. அப்போது பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "சார், பொய்யைப் பத்தி ஒரு விடுகதை போடட்டுமா?" என்றான். அண்ணனுடைய கைப்பேசியில் பார்த்தானாம். "போடு" என்றேன். அவன் போட்டதை நம் ஊருக்குத் தக்கபடி கொஞ்சம் மாற்றி உங்களுக்கும் போடுகிறேன்.

வெளியூர்க்காரர் ஒருவர் பொழுது சாயும் வேளையில் வண்டியூரில் பஸ்ஸை விட்டு இறங்குகிறார். அவர் போகவேண்டியது தெப்பக்குளத்துக்கு. எதிரே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று வைகையைக் கடந்து தெப்பக்குளம் போய்ச் சேரும். மற்றது கண்மாய்க் கரைச் சகதியில் கொண்டுபோய் விட்டுவிடும். பாதை பிரிகிற இடத்தில் டீக்கடைப் பெஞ்சில் அண்ணன் தம்பி இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் வாயில் மெய்யைத் தவிர வேறொன்றும் வராது. மற்றவன் வாயில் பொய்யைத் தவிர வேறொன்றும் வராது. எவன் மெய்யன், எவன் பொய்யன் என்பது முகத்தில் எழுதியிருக்கவில்லை. ஆனால் ஒருவன் குணம் மற்றவனுக்கு நன்றாய்த் தெரியும். வெளியூர்க்காரர் இருவரில் ஒருவனிடம், ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம். என்ன கேட்பார்?

(மேலே வாசிக்குமுன் இந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு வீட்டில் உள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள். சோறு ஆறினால் ஆறட்டும்.)

வகுப்பில் ஒரு பிள்ளை, "நீ பொய்யனா என்று கேட்கலாம்" என்றது. கேட்டால் மெய்யன் "இல்லை" என்பான். பொய்யனும் "இல்லை" என்பான். கேள்வி வீணாய்ப் போயிற்று. இன்னொரு பிள்ளை, "எது பாதை என்று நேராய்க் கேட்கலாம்" என்றது. அவன் ஒரு பாதையைக் காட்டுவான். காட்டியவன் யாரென்று தெரியாமல் நாம் நிற்போம்.

கேட்கவேண்டியது இது: "உன் கூடப்பிறந்தவனைக் கேட்டால், தெப்பக்குளத்துக்கு எந்தப் பாதை என்று காட்டுவான்?" நீங்கள் மெய்யனைக் கேட்டிருந்தால், பொய்யன் காட்டக்கூடிய தப்பான பாதையை அவன் உள்ளபடி சொல்லுவான். பொய்யனைக் கேட்டிருந்தால், மெய்யன் காட்டக்கூடிய சரியான பாதையை மறைத்து, தப்பானதையே அவனும் சொல்லுவான். ஆக, யாரைக் கேட்டாலும் வருவது தப்பான பாதை. மற்றப் பாதையில் நடையைக் கட்டவேண்டியதுதான்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கும் சந்தோஷமாயிருந்தது. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒரு சந்தேகம் கூடவே வந்தது. எட்டாம் கற்பனையை முக்கால் மணி நேரம் படிப்பித்தேன். பொய்யன் எவ்வளவு பொல்லாதவன் என்று எடுத்துச் சொன்னேன். ஆனால் இந்த விடுகதையில் பொய்யனால் வெளியூர்க்காரருக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. மெய்யனைப்போலவே பொய்யனும் அவரைத் தெப்பக்குளத்துக்குச் சேர்த்துவிட்டான்.

யோசித்துப் பார்த்தால் இதில் அதிசயம் இல்லை. எப்போதும் சரியாய் ஒரு மணி நேரம் பின்தங்கி ஓடுகிற கடியாரத்தைக்கொண்டும் நாம் பூசைக்கு நேரத்தோடு போய்ச் சேரலாம். ஒருநாள் சரியாய் ஓடி, ஒருநாள் முன்னால் ஓடி, ஒருநாள் பின்னால் ஓடுகிற கடியாரம் இருக்கிறதே, அதுதான் மனிதரைக் கெடுக்கும். எப்போதும் பொய்யே சொல்லுகிறவன் ஒரு விதத்தில் வாக்குத் தவறாதவன். டீக்கடைப் பெஞ்சில் மூன்றாவது சகோதரன் ஒருவன், தனக்குத் தோன்றியபோது மெய்யும் தோன்றியபோது பொய்யும் சொல்லுகிறவன், உட்கார்ந்திருந்தால்தான் வெளியூர்க்காரர் பாடு திண்டாட்டம். அவனிடம் நம் கேள்வி செல்லாது.

ரேமண்ட் ஸ்மல்லியன் என்ற அமெரிக்கத் தர்க்க சாஸ்திரி 1978-ல் இந்த மாதிரிப் புதிர்களையே ஒரு பெரிய புத்தகமாய்த் தொகுத்து வெளியிட்டார். மெய்யே பேசும் வீரர்களும் பொய்யே பேசும் கயவர்களும் வாழும் தீவுகள் அதில் வருகின்றன. மூன்றாவது வகையாரும் வருகிறார்கள். சில சமயம் மெய்யும் சில சமயம் பொய்யும் சொல்லுகிறவர்கள். அவர்களுக்கு அவர் இட்ட பெயர் என்ன தெரியுமா? "சாதாரண மனிதர்." சிரித்துக்கொண்டே வாசித்தேன்; சிரிப்பு கொஞ்ச நேரத்தில் நின்றுபோயிற்று.

இந்தப் புதிர்களின் பாட்டன் வேதாகமத்திலேயே இருக்கிறான் என்பது உங்களில் எத்தனைபேருக்குத் தெரியுமோ! அர்ச். சின்னப்பர் தீத்துவுக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்தைப் பாருங்கள். கிரேத்தா தீவார் எப்போதும் பொய்யர் என்று அந்தத் தீவின் ஞானி ஒருவனே சொன்னதாக அப்போஸ்தலர் எழுதி, அந்தச் சாட்சி உண்மைதான் என்றும் சேர்த்திருக்கிறார். அந்த ஞானி எப்பிமெனிதேஸ் என்பது பழைய சாஸ்திரிகளின் கருத்து. இப்போது யோசியுங்கள்: கிரேத்தா தீவார் எல்லாரும் எப்போதும் பொய்யே சொல்லுகிறவர்களானால், அதைச் சொன்ன கிரேத்தா தீவானும் பொய் சொன்னான், ஆகவே அந்தச் சொல் பொய். உண்மை என்று வைத்தால் அது தன்னைத்தானே விழுங்கிவிடுகிறது. பொய் என்று வைத்தால் தப்பித்துக்கொள்ளலாம்: தீவில் யாரோ ஒருவன் எப்போதாவது ஒரு மெய் சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான். ஆனால் மிலேத்து நகரத்து யூபுலிதேஸ் என்ற கிரேக்கன் இந்த ஓட்டையையும் அடைத்துவிட்டான். "நான் இப்போது சொல்லுவது பொய்" என்று ஒருவன் சொன்னால் அது மெய்யா பொய்யா என்று கேட்டான். மெய் என்றால் பொய்யாகிறது. பொய் என்றால் மெய்யாகிறது. இதை யோசித்து யோசித்தே கோஸ் தீவுப் புலவர் பிலேத்தாஸ் உடல் மெலிந்து செத்துப்போனார் என்று ஒரு பழங்கதை உண்டு.

அர்ச். சின்னப்பர் மெலியவில்லை. இந்தச் சிக்கலை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. கிரேத்தாவில் மூப்பர்களை ஏற்படுத்தவேண்டிய தீத்துவுக்கு, எப்படிப்பட்ட ஜனங்களிடத்தில் வேலை செய்கிறாய் என்று எச்சரிப்பதே அவருக்கு முக்கியமாயிருந்தது. வாக்கியம் தன்னைத்தானே விழுங்கினாலும், சொன்னதன் கருத்து தீத்துவுக்கு விளங்கியிருக்கும். நாமும் இந்த முடிச்சைத் தர்க்க சாஸ்திரிகளுக்கே விட்டுவிடுவோம். நம் வீடுகளில் நடப்பது வேறு வகை.

ஆதியாகமத்தில் சர்ப்பம் ஏவாளிடம் பேசியதை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். சாகமாட்டீர்கள் என்றது, அது பொய். கண்கள் திறக்கும் என்றது; அது மெய், திறந்தன. முழுப் பொய்யாயிருந்தால் ஏவாள் நம்பியிருப்பாளோ என்னவோ. பாரதக் கதையில் தருமபுத்திரர் செய்ததும் உங்களுக்குத் தெரியும். அசுவத்தாமா என்ற யானை செத்தது மெய். யானை என்ற சொல் துரோணர் காதில் விழாதபடி மெதுவாய்ச் சொல்லப்பட்டதும் மெய். மகன் செத்தான் என்று நம்பி அவர் ஆயுதத்தைக் கீழே வைத்தார். அதுவரை தரையைத் தொடாமல் ஓடிய தருமருடைய தேர் அன்று தரையில் இறங்கிற்று என்று கதை சொல்லுகிறது. ஒரு பொய்ச் சொல்லும் சொல்லாதவனுக்கு இந்தத் தண்டனையா என்று சின்ன வயதில் எனக்குக் கோபம் வரும்.

ஏனென்றால் நம் அர்ச்சியசிஷ்டவர்களைப் பற்றியும் இப்படி ஒரு கதை இருக்கிறது. நாலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா மேற்றிராணியாராயிருந்த அர்ச். அத்தனாசியாரைப் பிடிக்க இராயனின் சேவகர் நைல் நதியில் துரத்திவந்தார்கள். அவர் தம் படகைத் திருப்பி அவர்களுக்கு எதிரே ஓட்டச் சொன்னார். "அத்தனாசி இங்கே எங்கேயாவது இருக்கிறானா?" என்று சேவகர் கேட்டபோது, "தூரத்தில் இல்லை, கிட்டத்தான்" என்று பதில் போயிற்று. சேவகர் வேகமாய்த் துடுப்புப் போட்டுக் கடந்துபோனார்கள். இது தந்திரம், ஆனால் பொய் இல்லை என்று பெரியவர்கள் ஒத்துக்கொள்ளுகிறார்கள்.

எல்லாரும் இவ்வளவு தாராளமாயிருக்கவில்லை. அர்ச். அகுஸ்தீன் பொய்யைப் பற்றி இரண்டு நூல்கள் எழுதினார். உயிரைக் காக்கவும் பொய் கூடாது என்பதில் அவர் ஒரு மயிரிழையும் அசையவில்லை. தம்முடைய சொந்த ஊரான தகாஸ்தேயில் முன்னாளில் மேற்றிராணியாராயிருந்த பீர்முஸ் என்பவரை அவர் உதாரணம் காட்டுகிறார். தம்மிடம் தஞ்சம் புகுந்த ஒருவனை அவர் ஒளித்துவைத்திருந்தார். இராயனின் ஆட்கள் வந்து கேட்டபோது, தம்மால் பொய் சொல்லவும் முடியாது, காட்டிக்கொடுக்கவும் முடியாது என்றார். வாதித்தார்கள், அப்போதும் அதே பதில்தான். கடைசியில் இராயன் முன் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவருடைய உறுதியைக் கண்ட இராயன் ஒளிந்திருந்தவனுக்கே மன்னிப்புக் கொடுத்தான். அத்தனாசியார் துடுப்புப் போட்டுத் தப்பினார். பீர்முஸ் சரீரத்தைக் கொடுத்துத் தப்புவித்தார். இருவரும் சேவகரிடம் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றுதான் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நம் மதுரையிலேயே இப்படி ஒரு வழக்கு நடந்தது. விடுகதையில் வந்த தெப்பக்குளத்தைத் திருமலை நாயக்கர் வெட்டியது 1645-ல். அதற்கு ஏறக்குறைய நாற்பது வருஷங்களுக்குமுன், 1606-ல், தத்துவபோதக சுவாமி என்று நாம் சொல்லும் இராபர்ட் தெ நொபிலி சேசுசபைக் குருவானவர் மதுரைக்கு வந்தார். அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாந்தஸ் என்ற போர்த்துக்கீசிய சாமியார் பல வருஷங்களாய் இங்கே இருந்தார். ஊரார் அவரைப் "பரங்கி" என்றார்கள். அந்தச் சொல்லுக்குப் போர்த்துக்கீசியன் என்பதோடு, மாட்டிறைச்சி தின்கிறவன், குடிக்கிறவன், ஆசாரமில்லாதவன் என்ற அர்த்தமும் சேர்ந்திருந்தது. புதிதாய் வந்தவரையும், "நீர் பரங்கியா?" என்று கேட்டார்கள். ஒரே கேள்வி, ஆம் அல்லது இல்லை. ஆம் என்றால் கேட்பவன் மனதில் பதிவதெல்லாம் பொய். அவர் இல்லை என்றார். உரோமாபுரியில் பிறந்தவன், சந்நியாசி என்றார். ஒவ்வொரு சொல்லும் மெய்.

ஆனால் பெர்னாந்தஸ் சாமியாரின் நிலையிலிருந்து இதை யோசித்துப் பாருங்கள். அதே சபை, அதே வேதம், அதே ஊர். "நான் அவரைப்போன்றவன் இல்லை" என்று புதியவர் சொன்னதாக அல்லவா அவர் காதில் விழும்! அவர் மேலிடத்துக்கு முறையிட்டார். பூணூல், குடுமி, சந்தனம், ஸ்நானம் ஆகியவற்றைப் பற்றிய வழக்கு 1619-ல் கோவாவில் விசாரிக்கப்பட்டு, உரோமை வரை போயிற்று. 1623-ல் 15-ம் கிரகோரியார் பாப்பானவர் சில கட்டுப்பாடுகளோடு அவற்றை அனுமதித்தார். தத்துவபோதகர் தம்மைச் சரியாய் அறிந்துகொள்ளும்படியே "இல்லை" என்றார், ஏமாற்றும்படியல்ல என்பது என் கருத்து. ஆகிலும் பெர்னாந்தஸ் சாமியாரின் வருத்தத்தை வெறும் பொறாமை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. மெய்யான பதிலும் பக்கத்தில் நிற்பவனைக் காயப்படுத்தலாம்.

வார்த்தை மெய்யாயிருந்தால் போதுமா என்பதே கேள்வி. வாயால் "நான் பார்க்கவில்லை" என்று சொல்லி, மனதுக்குள் "இன்றைக்கு" என்று சேர்த்துக்கொண்டால் பொய்யாகாது என்று சில சாஸ்திரிகள் ஒரு காலத்தில் வாதித்தார்கள். 1679-ல் 11-ம் இன்னொசெந்து பாப்பானவர் அந்தப் போதனையைக் கண்டித்துத் தள்ளினார். நம் காலத்தில் திருச்சபை வெளியிட்ட பெரிய ஞானோபதேச நூலிலும் கவனிக்கத்தக்க ஒரு சங்கதி உண்டு. 1992-ல் வந்த முதல் பதிப்பில், உண்மையை அறிய உரிமையுள்ளவனைத் தவறான எண்ணத்துக்கு உட்படுத்தும்படி சொல்லுவதே பொய் என்ற கருத்தில் விளக்கம் இருந்தது. 1997-ல் வந்த இலத்தீன் பதிப்பில் "உரிமையுள்ளவனை" என்ற வார்த்தையை எடுத்துவிட்டார்கள். யாரிடம் சொன்னாலும் பொய் பொய்தான். ஆனால் அறிய உரிமையில்லாதவனுக்கு உண்மையை வெளிப்படுத்தக் கடமையில்லை என்று அதே நூல் சொல்லுகிறது. சேவகருக்கு அத்தனாசியாரைப்பற்றி அறிய உரிமை ஏது?

உரிமை உள்ளவர் கேட்டால்? இங்கேதான் என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. விடுகதையைக் கேட்ட அன்று என்னை வழியெல்லாம் தொந்தரவு செய்தது உண்மையில் இதுதான்.

சில வருஷங்களுக்குமுன் என் தாயாருக்கு வயிற்றில் வலி கண்டு, மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். புற்று என்று தாழ்வாரத்தில் வைத்து டாக்டர் எனக்கும் என் அக்காளுக்கும் சொன்னார். வயதுக்கு ஆபரேஷன் தாங்காது, சில மாதங்கள்தான் என்றும் சொன்னார். அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று நான்தான் தீர்மானித்தேன். அக்காள் சின்ன வயதிலிருந்தே பொய் சொல்லத் தெரியாதவள். ஆகையால், "நீயாக வியாதியின் பேரைச் சொல்லக்கூடாது" என்று அவளிடம் வாக்கு வாங்கிக்கொண்டேன். ஆட்டோவில் திரும்பும்போது அம்மா, "டாக்டர் என்னய்யா சொன்னாரு?" என்று கேட்டார்கள். "மருந்து எழுதிக் குடுத்திருக்காரும்மா. மூணு வாரம் கழிச்சு வரச் சொல்லியிருக்காரு" என்றேன்.

ஒவ்வொரு சொல்லும் மெய். மருந்து கொடுத்திருந்தார்; மூன்று வாரம் என்றும் சொல்லியிருந்தார். நான் அத்தனாசியாரைப்போல் சாமர்த்தியமாய்த் துடுப்புப் போட்டுவிட்டேன் என்றே அப்போது எண்ணினேன். ஞானோபதேசம் படிப்பிக்கிறவன் அல்லவா, பொய் சொல்லாமல் மறைத்தேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மூன்று வாரம் ஆறு வாரமாயிற்று. அம்மா மெலிந்தார்கள். கேட்டபோதெல்லாம் நான் அதே பதிலைச் சொன்னேன். சாமியாரை வீட்டுக்கு அழைக்கவேண்டுமென்று அக்காள் சொன்னாள். நான் தள்ளிப்போட்டேன். இப்போது நோயில்பூசுதல் என்று சொன்னாலும், எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது இன்னும் அவஸ்தைப்பூசுதல்தான். சாமியார் தைலத்தோடு வாசலில் வந்து நின்றால் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துபோகும் என்று பயந்தேன். என் மெய்யான வார்த்தைகளைக் காப்பாற்றுவதற்காக, என்னைப் பெற்றவளுக்குத் தேவதிரவிய அநுமானம் கிடைக்காமல் நிறுத்திவைத்திருந்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் நான் வேலைக்குப் போயிருந்தபோது அம்மா அக்காளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தார்களாம். வாக்கு வாங்கியிருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். வியாதியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"ஏத்தா, நம்ம தம்பிகிட்டப் போய், 'அம்மாவுக்கு என்ன'ன்னு நீ கேட்டேன்னா, அவன் உன்கிட்ட என்ன சொல்லுவான்?"

அக்காள் திகைத்துப்போனாள். இதைச் சொல்லக்கூடாதென்று யாரும் அவளிடம் வாக்கு வாங்கவில்லை. உள்ளதைத் தவிர வேறு சொல்லவும் அவளுக்குத் தெரியாது. கடைசியில், "என்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டாம்மா. அழுவான்" என்றாளாம்.

அம்மா சற்று நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பச் சரி. சாமியாரை வரச் சொல்லு" என்றார்களாம்.

அன்று சாயந்தரமே சாமியார் வந்தார். பாவசங்கீர்த்தனம் செய்தார்கள், பூசுதலும் நற்கருணையும் பெற்றார்கள். அதற்குப்பின் பத்தொன்பது நாள் இருந்தார்கள். அந்தப் பத்தொன்பது நாளில் அவர்கள் செய்த வேலைகளைக் கேளுங்கள். பதினொரு வருஷமாய்ப் பேசாமலிருந்த எங்கள் சித்தியை வரவழைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் அடகு மீட்க வைத்திருந்த பணம் எந்தப் பெட்டியில் இருக்கிறது, எவ்வளவு என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கவைத்தார்கள். அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று என்னைப் போய்ப் பார்த்துவரச் சொன்னார்கள். நான் போய்ப் பார்த்துவந்து, "இருக்கும்மா" என்றேன். அந்த வருஷத்தில் அவர்களிடம் நான் சொன்ன முதல் நேர்ப் பதில் அதுதான்.

அன்று ராத்திரி விளக்கை அணைக்கப் போனபோது என்னைக் கூப்பிட்டார்கள். "ஏய்யா, டாக்டர் அன்னைக்கு என்ன சொன்னாரு?" என்று மறுபடியும் கேட்டார்கள். எல்லாம் தெரிந்துகொண்டே கேட்கிறார்கள் என்பது எனக்கு விளங்கிற்று. கட்டிலோரம் உட்கார்ந்து, தாழ்வாரத்தில் டாக்டர் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, என் தலையில் கை வைத்து, "இத்தனை நாளும் இதை நீ ஒத்தையிலயா சுமந்தே?" என்றார்கள்.